38 செ.மீ பாராசூட்டைக் காப்பாத்தின குட்டி ஸ்விவல்!

வணக்கம் மக்களே! போன வீடியோவுல கயிறெல்லாம் முறுக்கிக்கிச்சே, அதே கேனோபி (பாராசூட்டோட குடைத் துணி), அதே 350 கிராம் கேன்சாட் (ராக்கெட்ல ஏத்தி விடற டப்பா சைஸ் மாதிரி செயற்கைக்கோள்). இன்னைக்கு 12 தடவை மாடியிலேருந்து விட்டாச்சு, ஒரு தடவைகூட முறுக்கல! மாத்தினது ஒரே ஒரு சாமான். கேமரா கிட்டக்க காட்டறேன், இதோ. தூண்டில் சாமான் கடையில விக்கிற பால் பேரிங் ஸ்விவல், அதாவது ரெண்டு முனை வளையமும் தனித்தனியா சுத்துற இணைப்பு. கயிறுங்களுக்கும் கேன்சாட்டுக்கும் நடுவுல மாட்டணும்.

இறங்கும்போது கேன்சாட் ஒரு பக்கம் சுத்தும், கேனோபி இன்னொரு வேகத்துல சுத்தும். நடுவுல சுழல எதுவும் இல்லன்னா 8 கயிறும் சேர்ந்து புரி ஏறிடும். புரி மேல போகப் போக கேனோபியோட வாய் சுருங்கும், வேகம் எகிறிடும்.

உள்ள பேரிங் குண்டு இல்லாத சாதா பேரல் ஸ்விவல் எனக்கு அறவே பிடிக்காது. கையில வெச்சு உருட்டினா ஜோரா சுத்தும், எடை தொங்கினா இறுகிக்கும். கடையிலேயே 350 கிராம் எடையை மாட்டி, விரலால ஒரு சுண்டு சுண்டுங்க. மேல் வளையம் அசையாம கீழ் வளையம் மட்டும் நின்னு நிதானமா சுத்தணும். அப்பதான் காசு குடுங்க.

தாங்குற எடையையும் பாருங்க. நொடிக்கு 8 மீட்டர் வேகத்துல நிதானமா இறங்கும்போது இழுவை வெறும் 350 கிராம்தான். ராக்கெட் நொடிக்கு 40 மீட்டர் வேகத்துல போகும்போதே பாராசூட் விரிஞ்சா? வேகம் 5 மடங்கு, இழுவை 25 மடங்கு, கிட்டத்தட்ட 9 கிலோ! நான் போட்டிருக்கிறது 15 கிலோ தாங்குறது.

“இன்னும் பெரிய பாராசூட் போட்டா பத்திரமா இறங்குமே”ன்னு சொல்றவங்களுக்கு. காற்றுத்தடை எண் 0.8ன்னு வெச்சா, நொடிக்கு 8 மீட்டருக்கு 38 செ.மீ விட்டம் போதும். 60 செ.மீ போட்டா 5 மீட்டராக் குறையும், சரி. ஆனா 1 கிலோமீட்டர் உயரத்துலேருந்து 200 நொடி மிதக்கும். காத்து நொடிக்கு 5 மீட்டர் அடிச்சா, 1 கிலோமீட்டர் தள்ளிப் போய்தான் தேடணும். சின்னதுன்னா 625 மீட்டர்.

ஐயோ, நடு ஓட்டையைச் சொல்லாம விட்டுட்டேனே! கேனோபி உச்சியில 4 செ.மீ வட்டம் வெட்டணும். பரப்புல அது 1 சதவீதம்தான், வேகம் பெருசா மாறாது. அது இல்லன்னா உள்ள அடைபட்ட காத்து ஒவ்வொரு பக்கமா வழிஞ்சு, கேன்சாட் ஊஞ்சல் ஆடும். ரிப்ஸ்டாப் நைலானை (கிழிசல் பரவாத கேனோபித் துணி) சூடான சால்டரிங் அயர்னால வெட்டுங்க, ஓரம் உருகி ஒட்டிக்கும், நூல் பிரியாது.

கயிறு 8ம் ஒரே நீளம் இருக்கணும். பலகையில ரெண்டு ஆணி அடிச்சு, ஒரே இழுப்புல அளந்து வெட்டுங்க. ஒண்ணு குட்டையானாலும் கேனோபி சாய்ஞ்சு சுத்த ஆரம்பிக்கும், அப்புறம் ஸ்விவல்தான் பாவம்.

வேகத்தை அளக்க 12 மீட்டர் உயரத்துலேருந்து, கேனோபியை விரிச்சுப் பிடிச்சு விடுங்க. சுவத்துல கடைசி 2 மீட்டரை மட்டும் கோடு போட்டு, போன்ல நொடிக்கு 240 ஃப்ரேம்ல எடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 60 ஃப்ரேம் வந்தா, சரியா நொடிக்கு 8 மீட்டர்.