கரையால் போகாதீர்கள்: வன்னிச் சேற்றில் இரண்டு நாள் மவுண்டன் பைக் பயணம்

(காட்சி: ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிரவல் பாதை. இரண்டு பக்கமும் பற்றை, பின்னால் பாலை மரங்கள். பாதையின் நடுவில் பால் தேநீர் நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.)

வணக்கம். இந்தத் தண்ணீரை நன்றாகப் பாருங்கள். பாதையின் அகலம் முழுக்க நிற்கிறது, ஆழம் தெரியவில்லை. ஆனால் இடது பக்கம், பற்றைக்கும் தண்ணீருக்கும் நடுவில், ஒரு சைக்கிள் போகிற அளவுக்குக் காய்ந்த மண் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு தை மாதம் நானும் மச்சானும் இப்படி ஓர் இடத்தில் வந்து நின்றோம். நான் ஒன்றும் யோசிக்காமல் ஹாண்டிலை இடது பக்கம் திருப்பிவிட்டேன். பின்னால் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் வந்த ஐயா ஒருவர் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்: "தம்பி, கரையால போகாதையுங்கோ! நடுவால போங்கோ, நடுவால!"

இறங்கி வந்து விளக்கமாகச் சொன்னார். இந்தத் தடத்தில் அவர்கள் தினமும் உழவு மெஷின் ஓட்டுகிறார்கள், அதனால் இதன் அடியில் ஒன்றும் இல்லை என்று தெரியும். பற்றைக்குள் என்ன கிடக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, மழை வெள்ளம் பழைய மிதிவெடியையும் வெடிக்காத ஷெல்லையும் அரித்து மேலே கொண்டு வந்துவிடும், இடமும் மாற்றிவிடும். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்தையும் திட்டமிடுகிறேன், இந்த வீடியோவும் அதை வைத்துத்தான்.

(காட்சி: வரைபடம். பிரிட்டன், பிறகு வன்னி.)

மவுண்டன் பைக் வீடியோக்கள் பார்ப்பவர்களுக்கு டிரெயில் சென்டர் என்ற சொல் தெரிந்திருக்கும். பிரிட்டனில் அரசாங்கக் காடுகளுக்குள் சைக்கிளுக்கென்றே பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள், வேல்ஸில் கோய்ட் அ பிரெனின் காடு அதில் பேர்போனது. அங்கே பாதைக்கு நிறம் உண்டு. பச்சை இலகு, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். மழை அதிகமான நாடு என்பதால் பல இடங்களில் கல் பரப்பி, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி விட்டிருக்கிறார்கள். அங்கேயும் தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போகாதே, ஊடாகப் போ என்று சொல்லித் தருவார்கள். எல்லோரும் கரையால் சுற்றினால் பாதை வருடா வருடம் அகன்று காட்டைத் தின்றுவிடும் என்பது அவர்களுடைய காரணம். ஐயா சொன்ன அதே விதி, காரணம் மட்டும் வேறு.

வன்னியில் நிறம் பூசிய பலகை கிடையாது. பாதை எவ்வளவு கடினம், எங்கே தண்ணீர் நிற்கும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும், இதையெல்லாம் அங்கே யாரோ உங்களுக்காக முதலே யோசித்து வைத்திருக்கிறார்கள். இங்கே அதை நீங்கள்தான் சைக்கிளில் ஏறுவதற்கு முதல் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

(காட்சி: மழை. வான் பாயும் குளம்.)

முதலில் நாளைத் தெரிவு செய்வோம். வன்னியில் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கும். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் வந்தால் ஓர் இரவிலேயே நிலைமை மாறிவிடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் காட்டுப் பாதைக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன், சேறு எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி. தைப்பொங்கல் முடிந்து மழை ஓய்ந்த பிறகு வரும் வார இறுதிகள்தான் நல்லவை. சேறு இருக்கும், ஆனால் பாய்கிற தண்ணீர் இருக்காது. இன்னொரு வசதியும் உண்டு: காலபோக அறுவடை நெருங்குவதால் வயல் பாதைகளில் மெஷின்கள் போய் வரும். சக்கரத் தடம் புதிதாக இருந்தால் பாதை பாவனையில் இருக்கிறது என்று அர்த்தம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலை வியாழக்கிழமை ஒரு தடவை, வெள்ளி இரவு ஒரு தடவை பாருங்கள். குளம் வான் பாய்கிறது என்றோ கதவு திறந்திருக்கிறது என்றோ கேள்விப்பட்டால் அதன் கீழ்ப்பக்கப் பாதைகளை முழுதாக விட்டுவிடுங்கள்.

(காட்சி: கைபேசித் திரையில் செய்மதிப் படம். ஏ9 வீதி, மாங்குளத்தில் கிழக்கே பிரியும் ஏ34.)

இப்போது பாதை. எங்கள் திட்டம் இப்படி: சனிக்கிழமை இரணைமடுப் பக்கம், இரவு மாங்குளத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கல், ஞாயிறு ஏ34 வழியாக ஒட்டுசுட்டான் போய் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம். செய்மதிப் படத்தில் காட்டுக்குள் மெல்லிய கோடாகத் தெரியும் வழியெல்லாம் பாதை என்று நம்பிவிடாதீர்கள், அது மாட்டுத் தடமாகவும் இருக்கலாம், யானைத் தடமாகவும் இருக்கலாம். தெரிவு செய்த பாதையை அந்த ஊரில் மூன்று பேரிடமாவது கேளுங்கள். கிராம அலுவலர், கமக்கார அமைப்பில் இருக்கும் ஒருவர், கடைசியாகச் சந்தித் தேநீர்க் கடை. மூன்று பேரும் "அதால போகலாம், நாங்க போறனாங்கள்" என்று சொன்னால் மட்டும் போங்கள். "முந்திப் போறது" என்று யாராவது சொன்னால் அந்தப் பாதையை உங்கள் திட்டத்திலிருந்து அழித்துவிடுங்கள், மறு பேச்சே வேண்டாம். ஒதுக்கக் காடு என்றால் வனவளத் திணைக்களம், தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களம், அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. குளக்கட்டில் ஏறுவதற்கும் கேட்டுவிட்டே ஏறுங்கள்.

வயல் வரம்பில் மட்டும் தயவுசெய்து ஓட்டாதீர்கள். ஈர வரம்பில் ரயர் ஒரு தடவை பதிந்தால் அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும், ஒருவருடைய ஒரு போகத்து உழைப்பு அது.

(காட்சி: சிவப்புப் பலகை, மண்டையோட்டு அடையாளம். சில வினாடிகள் நிற்கிறது.)

இந்த மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அதே தடத்தில் திரும்புங்கள். பலகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். துருப்பிடித்த இரும்பு, வயர், பிளாஸ்டிக் மூடி மாதிரி ஏதாவது கண்டால் தொட வேண்டாம், தட்ட வேண்டாம், கல்லெறிந்து பார்க்க வேண்டாம். வந்த தடத்தின் மேலேயே பின்னுக்குப் போய், இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். ஒற்றையடி மிருகத் தடங்களுக்குள் போகாமல் இருக்க இன்னொரு காரணம், களவாக வேட்டையாடுபவர்கள் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு, தடத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் தட்டினால் வெடிக்கும்.

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

(காட்சி: முற்றத்தில் கவிழ்த்து வைத்த சைக்கிள்.)

விலை கூடிய சைக்கிள் தேவையில்லை. பழைய லுமாலாவில் வயலுக்குப் போகிறவர்கள் நம்மைவிடச் சேற்றை நன்றாகக் கடக்கிறார்கள். ஆனால் இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டுவதென்றால் 2.1 அங்குல அளவில் பல் ஆழமான ரயர் உதவும். பல்லுகளுக்கு இடையில் இடைவெளி இருக்க வேண்டும், நெருக்கமான பல்லில் மண் அடைத்துக்கொண்டால் ரயர் வழுவழுப்பாகிவிடும். காற்றைக் குறையுங்கள். வழக்கமாக 40 பி.எஸ்.ஐ. அடிப்பவர் 28, 30க்கு இறக்கலாம். ரியூப் போட்ட சக்கரத்தில் அதற்கும் கீழே போனால், வேரிலோ கல்லிலோ ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசிந்து பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். வன்னியில் ஈச்ச முள்ளும் சூரை முள்ளும் வேறு இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு ரியூப், ஒட்டு, பம் கட்டாயம்.

மண்ணைப் பொறுத்தும் யோசிக்க வேண்டும். செம்மண் பாதை ஒரு நாள் வெயிலில் ஓரளவு இறுகிவிடும். வயல் பக்கத்துக் களி அப்படியில்லை, இலையும் புல்லும் சேர்ந்து செங்கல் மாதிரி சக்கரத்தில் பிடித்துக்கொள்ளும். மன்னார்ப் பக்கம் முருங்கன் கறுப்புக் களியில் மழைக்குப் பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கலாம், அங்கே ஈரத்தில் போகவே வேண்டாம். ரயரோடு ஒட்டினாற்போல முழு நீள மட்காட் இருந்தால் கழற்றிவிடுங்கள், களி அதற்குள் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். டிஸ்க் பிரேக் என்றால் ஒரு சோடி பாட் மேலதிகமாக எடுங்கள், மணல் கலந்த சேறு மென்மையான ரெசின் பாட்டை மளமளவென்று அரிக்கும். செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றாதீர்கள், மணலை இழுத்து ஒட்டிக்கொண்டு பல்லுச் சக்கரத்தை அராவிவிடும்.

(காட்சி: காலை. ஏ9இல் முறிகண்டிப் பிள்ளையார் கோயில்.)

முறிகண்டியில் தேங்காய் உடைக்காமல் யாரும் தாண்டுவதில்லை, நாங்களும் அப்படித்தான். அங்கே இரண்டு சுருள் கச்சான் வாங்கிப் பையில் போடுங்கள். கச்சானும் பனங்கட்டியும் இருந்தால் சேற்றில் மிதிக்கத் தேவையான பலம் கிடைத்துவிடும். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீட்டர், குளத்துத் தண்ணீரை நம்ப வேண்டாம்.

நேரக் கணக்கில்தான் பலர் பிழை விடுகிறார்கள். காய்ந்த கிரவலில் மணிக்கு 12 கிலோமீட்டர் ஓட்டுபவர் சேற்றில் 6 போனால் பெரிய விஷயம். அதனால் வரைபடத்தில் 20 கிலோமீட்டர் என்றால் அதை ஒரு முழு நாளாக எடுங்கள். தை மாதம் மாலை ஆறேகால் அளவில் சூரியன் மறையும், காட்டுக்குள் அதற்கும் முதலே இருட்டும், யானைகள் குளத்துக்கு இறங்கும் நேரமும் அதுதான். காலை ஏழுக்கு முதல் உள்ளே போக வேண்டாம், பின்னேரம் நாலு மணிக்குத் தார் வீதியில் நிற்க வேண்டும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள், குளம் இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும். எங்களுக்கு அது ஒரு தடவை நடந்தது, மச்சான் முகம் சுருங்கிப்போனது, ஆனாலும் திரும்பினோம். ஆவி பறக்கும் யானை லத்தியைக் கண்டால் நேரம் பார்க்க வேண்டாம், அப்போதே திரும்ப வேண்டும்.

(காட்சி: மீண்டும் அதே தேங்கிய தண்ணீர். ஒருவர் இறங்கிக் கம்பால் ஆழம் பார்க்கிறார்.)

இங்கே என்ன செய்வது? இறங்குங்கள். சைக்கிளில் கட்டி வைத்த நீளக் கம்பால், மெஷின் சக்கரம் போன தடத்தில் ஆழம் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, அடி இறுக்கம் என்றால், ஏறி, இலேசான கியரில், உடலைப் பின்னுக்கு வைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் நேராகப் போங்கள். நடுவில் பிரேக் பிடித்தால் விழுவீர்கள். முழங்காலுக்கு மேலே என்றால், அல்லது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், திரும்புங்கள். மூன்றாவதாகக் கரை என்று ஒரு வழி இல்லை.

போவதற்கு முதல், வீட்டில் ஒருவரிடம் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். காட்டுக்குள் சிக்னல் பல இடங்களில் இருக்காது. கிடைக்கிற இடத்தில் 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் அது வரக்கூடிய வீதிக்கு ஆளை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அதனால் இரண்டு பேர் போதாது, மூன்று பேராகப் போங்கள். பாம்பு கடித்தால் வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். ஆளை அசைக்காமல் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

(காட்சி: வீட்டு முற்றம். வாளித் தண்ணீர், பழைய தூரிகை.)

திரும்பி வந்ததும் மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் பிரஷர் அடிக்கக் கொடுக்காதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் போய்க் கிறீஸைக் கழுவிவிடும், ஒரு மாதத்தில் போல்ஸ் கறகறக்கும். வாளியும் தூரிகையும் போதும், துடைத்து, காயவிட்டு, செயினுக்கு ஒயில் போடுங்கள்.

உடம்பையும் பாருங்கள். உண்ணி ஏறியிருக்கிறதா என்று கழுத்து, இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் தேடுங்கள். சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், சிராய்ப்புக் காயம் வழியாக உள்ளே போகும். வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு அதற்கான தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுக்கிறார்கள், நீங்களும் போவதற்கு முதல் அங்கே போய்க் கேளுங்கள். வந்த பிறகு ஒரு மாதத்துக்குள், முக்கியமாக முதல் இரண்டு கிழமையில், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் வைத்தியரிடம் போங்கள், போனதும் முதல் வசனமாக, "நான் சேற்றுக்குள் சைக்கிள் ஓடினனான்" என்று சொல்லுங்கள்.