முதலெழுத்துகளுக்குள் இருந்த மனிதர்கள்

ஒரு இசைப் படைப்பின் முதல் பக்கத்தில் இன்னாருக்குச் சமர்ப்பணம் என்று இருந்தால் நாம் நிற்பதே இல்லை, அடுத்த பக்கம் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது ஒரு பிரபுவின் பெயர், பணம் கொடுத்து ஆதரித்தவர், அவருக்கு ஒரு நன்றி, அவ்வளவுதான். பேத்தோவன் தன் மூன்றாவது சிம்பொனியில் நெப்போலியன் பெயரை அடித்துவிட்டு இளவரசர் லோப்கோவிட்ஸுக்குச் சமர்ப்பித்தார். மேலே இருந்த பெயர் போனது, இசை அப்படியே நின்றது. நான் பேச வந்த சமர்ப்பணத்தில் அது நடக்காது. ஆளை எடுத்தால் இசையும் போய்விடும்.

1898 அக்டோபர். இங்கிலாந்தின் மால்வர்னில் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர், 41 வயது, நாள் முழுக்க வயலின் சொல்லிக்கொடுத்த அலுப்போடு வீட்டுக்கு வந்து பியானோவில் எதையோ வாசிக்கிறார். அது என்ன மெட்டு என்று மனைவி ஆலிஸ் கேட்க, அதையே அந்த நண்பர் வாசித்தால் எப்படி இருக்கும், இவர் வாசித்தால் எப்படி இருக்கும் என்று மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுகிறார். அந்த விளையாட்டுதான் வளர்ந்து எனிக்மா வேரியேஷன்ஸ் என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு ஆனது. 1899 ஜூன் 19 அன்று லண்டனில் ஹான்ஸ் ரிக்டர் நடத்தி அரங்கேற்றினார். சமர்ப்பணம், 'உள்ளே தீட்டப்பட்டிருக்கும் என் நண்பர்களுக்கு'. ஒரே மெட்டுக்கு 14 வடிவங்கள், தலைப்பாக வெறும் முதலெழுத்துகள், சிலவற்றுக்குச் செல்லப்பெயர், ஒன்றுக்கு மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும்.

இவர்கள் யார் என்று பல வருஷம் கழித்து, 1929இல் வந்த தானியங்கி பியானோச் சுருள்களுக்காக, எல்கரே குறிப்பு எழுதினார். எனக்கு அந்தக் குறிப்புகள்மேல் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் அவற்றில் பாராட்டு குறைவு, கண்ணால் பார்த்தது அதிகம். ஜி.ஆர்.எஸ். என்றால் சின்க்ளேர், ஹெரிஃபோர்டு பேராலயத்தின் ஆர்கன் கலைஞர். அப்படியென்றால் ஆர்கன் இசை வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வருவது அவருடைய புல்டாக் டான்! வை நதிக்கரைச் சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்து, கரையேற இடம் தேடி எதிர்நீச்சல் போட்டு, ஏறியதும் சந்தோஷமாக ஒரு குரைப்பு, எல்லாம் முதல் சில வினாடிகளில். இதை இசையாக்கு பார்ப்போம் என்று சின்க்ளேர் சொன்னாராம், ஆக்கிவிட்டார். வயோலா கற்ற இசபெல் ஃபிட்டனுக்கு, கம்பி தாண்டி வாசிக்கும் ஆரம்பப் பயிற்சியே மெட்டு. டோரா பென்னிக்குப் பேச்சில் இருந்த லேசான திக்கல் மரக்குழல் வாத்தியங்களில் வருகிறது, அதில் கேலி துளிகூட இல்லை, அவ்வளவு மென்மை.

ஒன்பதாவதான நிம்ராடுக்கு வருகிறேன். நோவெல்லோ பதிப்பகத்தில் வேலை செய்த ஆகஸ்ட் யேகர்தான் நிம்ராட். ஜெர்மன் மொழியில் யேகர் என்றால் வேட்டைக்காரர், நிம்ராட் பைபிளில் வரும் வேட்டைக்காரன். எல்கர் மனம் உடைந்து எழுதுவதையே விட்டுவிடலாம் என்றிருந்தபோது, பேத்தோவனும் இதைவிடக் கஷ்டப்பட்டவர்தானே, எழுதாமல் விட்டாரா என்று கேட்டவர் அவர் என்று டோரா பிற்பாடு எழுதியிருக்கிறார். ஒரு கோடை மாலையில் பேத்தோவனின் மெதுவான பகுதிகளைப் பற்றி யேகர் உருகிப் பேசியதன் பதிவு இது என்கிறார் எல்கர். ஆனால் இன்று இதைக் கேட்பது பெரும்பாலும் அஞ்சலிக் கூட்டங்களில்தான், லண்டனில் போர் நினைவு நாளிலும் இதை வாசிக்கிறார்கள். அழுவதில் தப்பில்லை. இருந்தாலும் இழுத்து இழுத்து, ஒரு சாவு ஊர்வலம்போல வாசிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் எழுதியபோது அந்த மனிதர் உயிரோடு இருந்தார், எதிரே உட்கார்ந்து, விடாதே எழுது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நட்சத்திரக் குறிக்குப் பின்னால் இருப்பவர் கடல் பயணம் போன ஒரு பெண்மணி என்று எழுதிவைத்தார் எல்கர், அவர் லேடி மேரி லைகன் என்பது பொதுவான கருத்து. இன்னொருவர் இருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் இன்னும் உண்டு, அப்புறம் மொத்தப் படைப்புக்குள்ளும் வேறொரு மெட்டு ஒளிந்திருக்கிறது என்ற புதிர் தனி. அதை அவர் சாகும்வரை சொல்லவில்லை. எனக்கு அதைவிட, சொன்னதுதான் முக்கியம்.

கடைசிப் பகுதி ஈ.டி.யூ. ஆலிஸ் அவரை அழைத்த பெயர் அது, அதாவது எல்கரே. அவரைப் பற்றிய அந்தப் பகுதியில் ஆலிஸின் இசையும் யேகரின் இசையும் திரும்ப வருகின்றன. அரங்கேற்றம் முடிந்ததும், முடிவு சட்டென்று நின்றுவிடுகிறது, நீட்டு என்று யேகர் பிடிவாதம் பிடித்தார். எல்கர் முதலில் மறுத்தார், பிறகு உட்கார்ந்து நீட்டி எழுதினார், இன்று அரங்குகளில் வாசிக்கப்படுவது அந்த நீண்ட முடிவுதான்.