சாரல் காத்தும் ஆச்சியோட கன்னமும்

(காட்சி: செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட், ஜூலை மாசம். மெல்லிய தூறல்.)

ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற இந்தச் சாரல் காத்து நமக்கெல்லாம் சுகம். எங்க தெரு ஆச்சி ஒருத்தங்க மட்டும் சாரல் தொடங்கினா கன்னத்தை மூடித் துண்டு கட்டிக்கிடுவாங்க. காத்து பட்டாலே கரண்ட் அடிச்ச மாதிரி வெட்டி இழுக்குமாம். பல்லுதான் காரணம்னு ஒண்ணைப் பிடுங்கினாங்க. வலி போகல. அடுத்ததையும் பிடுங்கினாங்க. பாவம், அந்தப் பல்லு ரெண்டும் ஒரு தப்பும் பண்ணல.

(காட்சி: முகப் படம், மூணு நிறத்துல.)

முகத்துக்கு உணர்ச்சி தர்றது முக்கிளை நரம்பு, டாக்டருங்க சொல்ற ட்ரைஜெமினல். நெத்தியும் கண்ணும் ஒரு கிளை, கன்னமும் மேல்தாடையும் ஒண்ணு, கீழ்த்தாடை ஒண்ணு. எல்லை ரொம்பக் கறார். கீழ்க் கடவாய்ப்பல்லுக்கு மரப்பு ஊசி போட்டா உதடு சரியா நடுக்கோடு வரைக்கும்தான் மரத்துப்போகும். நம்ம பிரானூர் பார்டர்ல திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் பிரிஞ்ச மாதிரி. (1956 நவம்பர் 1-ல செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தாச்சு, பேரு இன்னும் பார்டர்தான்!)

பல்லுவலி ஏன் ராத்திரி கொல்லுது? கையில அடிபட்டா வீங்க இடம் இருக்கு. பல்லுக்குள்ள இருக்கிற கூழைச் சுத்திக் கல்லு மாதிரி சுவர். புண்ணானா அழுத்தம் உள்ளேயே ஏறும். படுத்தா தலைக்கு ரத்தம் கூடுதலா வரும், விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.

பார்டர் கடை பெப்பர் சிக்கன் எரியறதும் இதே நரம்புலதான். ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா திறக்கிற ஒரு கதவு நரம்பு நுனியில இருக்கு. மிளகாயும் மிளகும் அதே கதவைத் திறக்கும். அதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல நோபல் பரிசு. சால்னா கொதிக்கக் கொதிக்க வந்தா காரம் ஏன் தூக்கலாத் தெரியுதுன்னு இப்பப் புரியுதா?

(காட்சி: மூளைத்தண்டு.)

குழப்பம் இங்கதான். வெளியில அவ்வளவு கறாராப் பிரிஞ்ச கிளைங்க உள்ளே மூளைத்தண்டுல ஒரே இடத்துல வந்து கொட்டுது. அங்க ஒரே நரம்பு செல்லுக்குப் பல்லு, சைனஸ், காது, கழுத்துத் தசைன்னு நாலு பக்கத்துச் சேதியும் வரும். எங்கிருந்து வந்துச்சுன்னு மூளை ஊகிக்கணும். சைனஸ்ல சளி கட்டினா மேல் கடவாய்ப்பல்லு வலிக்கும். கீழ்ப்பல்லு சொத்தையானா காது குத்தும். படியேறும்போது கீழ்த்தாடை வலிச்சு, உட்கார்ந்தா அடங்குதா? பல்லு டாக்டர்கிட்ட ஓடாதீங்க, முதல்ல இதயத்தைப் பாருங்க.

ஆச்சிக்கு என்ன? மூளைத்தண்டை ஒட்டி நரம்பு மேல ஒரு ரத்தக்குழாய் துடிச்சுத் துடிச்சு, மேலுறை தேஞ்சுபோச்சு. வயர் உரிஞ்சா ஷார்ட் ஆகும்ல? தொடுற சேதி வலிக் கம்பியில தாவிடுது. காத்து, பிரஷ், ஒரு வாய் காப்பி, எது பட்டாலும் சில நொடி மின்னல். சாதாரண வலி மாத்திரை இதுக்குக் கேக்காது. வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபின்தான் முதல் மருந்து. மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுற சமாச்சாரம் இல்ல, ரத்தம் சோதிச்சு டாக்டர் அளவு சொல்லணும்.

ஆச்சி இப்ப வெத்தலை போடுறாங்க. துண்டை மட்டும் விடல. “சாரலை நம்பக்கூடாதுய்யா”ங்கிறாங்க.