விடையில்லாத கேள்விகளும் ஆசிரியர் அறையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நட்சத்திரங்களைப் பற்றிப் பாடம் நடக்கும்போது ஒரு குழந்தை எழுந்து, "செத்துப்போன எங்க தாத்தா இப்போ எங்கே இருக்கார் டீச்சர்?" என்று கேட்கிறது. "உட்காரு, அப்புறம் பேசலாம்" என்று சொல்லும் ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கு அவரை யாரும் தயார்படுத்தவில்லை. ஆனால் அடுத்த வகுப்பறையிலேயே இதே கேள்வியைப் பொறுமையாக எதிர்கொண்ட ஒருவர் இருக்கலாம். அது இவர் காதுக்கு வந்ததே இல்லை. என் வருத்தம் அதுதான்.

பள்ளியில் ஆன்மீகம் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மதபோதனையை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. 1989-இல் ஐ.நா. சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு, குழந்தையின் சிந்தனை, மனசாட்சி, சமயச் சுதந்திரத்தை மதிக்கச் சொல்கிறது. அதே உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, உடல், மன வளர்ச்சியோடு ஆன்மீக வளர்ச்சியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வியப்பும் துக்கமும் 'நான் எதற்காக இருக்கிறேன்' என்ற தேடலும் எந்த மதத்துக் குழந்தைக்கும் வரும். மதமே இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் வரும்.

இதில் ஆசிரியர் தனியாக இருப்பதுதான் ஆபத்து. தனியாக மாட்டிக்கொண்டால், தான் நம்புவதையே விடையாகச் சொல்லிவிடுவார், இல்லையென்றால் கேள்வியை மூடிவிடுவார்.

ஜப்பானிய ஆசிரியர்களிடம் நூறாண்டுக்கும் மேலான ஒரு வழக்கம் உண்டு. சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து மாணவர்களைக் கவனிப்பார்கள். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே யோசித்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று பேசுவார்கள். கணக்குப் பாடத்துக்குப் பெயர்பெற்ற இந்த முறையை இப்படிப்பட்ட கேள்விகளுக்கும் கொண்டுவர முடியும் என்று நம்புகிறேன். எப்போது வரும் என்று தெரியாத கேள்வியைத் திட்டமிட முடியாது, சரி. வந்த பிறகு பேசலாமே. குழந்தையின் பெயரைச் சொல்லாமல், கேட்டது என்ன, நான் சொன்னது என்ன, அதற்குப் பிறகு அந்தக் குழந்தை என்ன செய்தது என்று ஒருவர் சொல்லட்டும். "எனக்கும் தெரியாதும்மா, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுப் பார்த்தவர் அதைச் சொல்லட்டும். வெவ்வேறு நம்பிக்கை உள்ளவர்களும் நம்பிக்கை இல்லாதவர்களும் ஒரே மேசையில் இருந்தால், பதில் எங்கே போதனையாக மாறியது என்பதை யாராவது ஒருவர் கவனித்துவிடுவார். பேசியதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியருக்கு அது கையில் கிடைக்கும்.

இதற்கான நேரத்தைத் தலைமை ஆசிரியர்கள் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டும். மதிப்பெண்ணும் சுற்றறிக்கையும் பேசி முடித்த பிறகு மிஞ்சும் பத்து நிமிடம் இதற்குப் போதாது.