பாட்டுக்கு முன்னால் சுருதி

நேயர்களுக்கு வணக்கம்.

கச்சேரி தொடங்கும் முன் வயலின்காரர் தந்தியைச் சுருதியோடு சேர்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு தந்திகள் ஏறத்தாழச் சேர்ந்து, முழுதாகச் சேராமல் நிற்கும்போது ஒலி விம்மி விம்மி வரும். ஒன்று விநாடிக்கு 200 தடவையும் மற்றது 203 தடவையும் அதிர்ந்தால் விநாடிக்கு மூன்று விம்மல். பிருடையைத் திருகத் திருக விம்மல் தளர்ந்து நின்றுவிடும். உங்கள் கைப்பேசி வீட்டு வைஃபையிலிருந்து வாங்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது தரவுப் பொட்டலத்துக்கும், முன்னால் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்குக் கிடைக்கும் நேரம் வெறும் 16 மைக்ரோ விநாடி.

ஏன் செய்ய வேண்டும்? ரவுட்டருக்குள் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல், கைப்பேசிக்குள் இன்னொன்று. அவற்றின் துடிப்பிலிருந்துதான் இரண்டும், தரவைச் சுமந்து செல்லும் தங்கள் ஊர்தி அலையை உண்டாக்குகின்றன. கிரிஸ்டல்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. வைஃபை தர விதி ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிழையை அனுமதிக்கிறது. கைக்கடிகாரம் அந்த அளவு தவறினால் நாளுக்கு 1.7 விநாடிதான் வித்தியாசம் வரும். யாரும் கவலைப்பட மாட்டோம். ஆனால் 5.8 கிகாஹெர்ட்ஸில் அதே பிழை 116 கிலோஹெர்ட்ஸ். இரு கருவிகளும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் 232 கிலோஹெர்ட்ஸ். இதைத்தான் ஊர்தி அதிர்வெண் விலகல் என்கிறோம்.

எங்கள் ஆய்வகத்தில், கணினியில் டிவி பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவான யூஎஸ்பி கருவி ஒன்றை வைத்து மாணவர்களுக்கு இதைக் காட்டுவேன். சோதனைக் கருவியிலிருந்து சரியாக 1000 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், திரையில் அது ஏறக்குறைய 30 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு கோடாக விழும். ஒருநாள் ஒரு மாணவி அதன் கிரிஸ்டல் மேல் விரலை வைத்தார். நேராக இறங்கிக்கொண்டிருந்த கோடு மெல்ல வளையத் தொடங்கியது. விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒரு விரலின் சூட்டுக்கு இடம் மாறும் கிரிஸ்டலை நம்பித்தான் வங்கிக் கணக்கு முதல் வீடியோ அழைப்பு வரை எல்லாம் நடக்கிறது.

பழைய ஏஎம் ரேடியோவுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. அது அலையின் உயரத்தை மட்டும் பார்க்கும். நிலையம் கொஞ்சம் தள்ளி நின்றாலும் செய்தி கேட்கும். வைஃபையோ 52 துணை ஊர்திகளை, அதாவது சிறு ஊர்தி அலைகளை, 312.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கி அனுப்புகிறது. ஒன்றின் உச்சியில் மற்றவை எல்லாம் சுழியாக இருக்கும்படி நெய்த அடுக்கு அது. கொஞ்சம் சறுக்கினாலும் ஒன்றின் தரவு மற்றொன்றில் கசியும். போதாததற்கு, வாங்கும் அலையின் உயரத்தையும் அது திரும்பியிருக்கும் கோணத்தையும் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டினால், அந்தப் புள்ளிகள் எல்லாம் சுழலும். நான்கு மூலையில் நான்கு புள்ளிகள் தெரிய வேண்டிய திரையில் ஒரு வளையம் தெரியும். எந்தப் புள்ளி எது என்று சொல்ல வழியே இல்லை.

சரி, விலகலை அளப்பது எப்படி? விம்மல்களை எண்ணலாம் என்றால் நேரம் போதாது. 100 கிலோஹெர்ட்ஸ் விலகல், 16 மைக்ரோ விநாடியில் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல்தான் வரும். அதனால் அனுப்பும் பக்கம், தரவுக்கு முன்னால் 0.8 மைக்ரோ விநாடி நீளமுள்ள ஒரே வடிவத்தைப் பத்துத் தடவை திருப்பித் திருப்பி அனுப்புகிறது. வந்த வடிவத்தை அடுத்து வந்த அதே வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். விலகல் இல்லையென்றால் இரண்டும் அச்சாக ஒன்றே. 100 கிலோஹெர்ட்ஸ் விலகினால் இரண்டாவது, முதலாவதைவிட 29 டிகிரி திரும்பியிருக்கும். அந்தக் கோணத்தைக் காலத்தால் வகுத்தால் விலகல் கைக்கு வந்துவிடும். இடையில் சுவர்களில் மோதி எதிரொலி வந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வடிவங்களும் ஒரே சுவர்களில்தான் மோதி வந்தன.

ஆனால் இரைச்சல் அந்தக் கோணத்தை ஐந்து டிகிரி கலைத்துவிட்டால், கணக்கு 17 கிலோஹெர்ட்ஸ் தவறிவிடும். அதனால் அடுத்து 3.2 மைக்ரோ விநாடி நீளமான வடிவம் இரண்டு தடவை வருகிறது. அதே ஐந்து டிகிரிக்கு இங்கே 4.3 கிலோஹெர்ட்ஸ்தான் பிழை. அப்படியானால் நீளமானதே போதாதா? போதாது. 200 கிலோஹெர்ட்ஸ் விலகலில் அது 230 டிகிரி திரும்பும். பார்ப்பவருக்கு எதிர்ப்பக்கம் 130 டிகிரி திரும்பியதுபோலத் தெரியும். முள் எந்தப் பக்கமாக வந்தது என்று புரியாது. குட்டை வடிவத்தில் குத்துமதிப்பாக, நீண்ட வடிவத்தில் நுணுக்கமாக. தம்புராவில் பிருடையைத் திருகிவிட்டு, அப்புறம் மணியை நகர்த்துகிறோமே, அதே முறை.

இப்படித் திருப்பி அனுப்பி ஒப்பிடும் கணக்கை ஆய்வாளர் பால் மூஸ் 1994-ல் வெளியிட்டார். ஒரே குறியீட்டின், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் அலைத்துண்டின், இரு பாதிகளை ஒப்பிடும் வழியை ஷ்மிடலும் காக்ஸும் 1997-ல் தந்தார்கள். விலையுயர்ந்த கிரிஸ்டல் வேண்டும் என்று கேட்காமல், மலிவான கிரிஸ்டலின் பிழையை அளந்து கழித்துவிட்ட இந்தச் சிந்தனை மீது எனக்குத் தீராத மரியாதை. 1999-ல் 802.11ஏ என்ற வைஃபை தரத்தில் வகுத்த அந்த 16 மைக்ரோ விநாடியை முன்னால் வைத்துத்தான் வைஃபை 6-உம் பேசத் தொடங்குகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நான்கு கிலோஹெர்ட்ஸ் மிஞ்சினால் பத்துக் குறியீடுகளுக்குள் புள்ளிகள் 58 டிகிரி சுற்றிவிடும். அதனால் 52 துணை ஊர்திகளில் நான்கு, தரவே சுமக்காமல், தெரிந்த குறியை மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டே வருகின்றன. பாட்டு முழுக்க பின்னால் தம்புரா மீட்டுவதுபோல.

ஆகாசவாணி மத்திய அலையில் டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையிலும் ஒலிபரப்பு நடத்துகிறது. அதிலும் இதே அடுக்குதான். இடைவெளி மட்டும் மிகச் சிறியது, ஒரு முறைமையில் 46.9 ஹெர்ட்ஸ். ரேடியோப் பெட்டி தன் விலகலை அளந்துகொள்ள, மாறாத மூன்று அலைகள் அதில் எப்போதும் உண்டு. மைய அலையிலிருந்து அவை இருக்கும் தொலைவு 750, 2250, 3000 ஹெர்ட்ஸ். 750-ஐ ஸட்ஜமாகக் கொள்ளுங்கள். 1500 அதன் மேல் ஸட்ஜம். அதற்கு ஒன்றரை மடங்கான 2250 பஞ்சமம். 3000 மறுபடி ஸட்ஜம். ஸ, ப, ஸ.