பெரிய வீட்டுக்கு விலை போடுறீங்களா? வீட்ட மட்டும் பாக்காதீங்க, தெருவையும் பாருங்க

வணக்கம் மக்களே, இன்னைக்கு வெளிய நின்னுதான் பேசுறேன், காத்து சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கோங்க. எதிர்ல ஒரு ரெண்டு மாடி வீடு இருக்கு, புறநகர்ல நல்ல அகலமான மனை, 4500 சதுர அடி கட்டடம், என்ன விலை போகும்னு பாத்து சொல்லுங்கன்னு வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்காரு. அவரு வீடுங்கிறதால கேமராவ அந்தப் பக்கம் திருப்பல, தெருவ மட்டும் காட்டுறேன்.

நான் வர்றதுக்கு முன்னாடியே அவரு ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தாரு. பின் தெருவுல 1500 சதுர அடி வீடு ஒண்ணு வித்திருக்கு, அந்த விலைய 1500ஆல வகுத்து சதுர அடி ரேட் எடுத்து அத அப்படியே 4500ஆல பெருக்கிட்டாரு, அதாவது அந்த வீட்ட விட சரியா மூணு மடங்கு. நிறைய பேரு இப்படித்தான் பண்றாங்க, அதனாலதான் இந்த வீடியோவே எடுக்கிறேன்.

ஏன் தப்புன்னு சொல்றேன். எந்தக் காசும் வேணாம், அந்த சின்ன வீடு வித்த விலைய சும்மா 100னு வச்சுக்குவோம். அதுல மனைக்கு 60, கட்டடத்துக்கு 40னு வைங்க. இவரு மனை அதவிட ஒன்றரை மடங்குதான், மூணு மடங்கு இல்ல, அப்போ மனைக்கு 90 ஆச்சு. கட்டடம் மூணு மடங்குன்னா 120 வரணும்ல, ஆனா அதுவும் வராது, ஏன்னா ஒரு வீட்டுல காசு முழுங்குறது சமையலறையும் பாத்ரூமும்தான், சின்ன வீட்டுலயும் ஒரு சமையலறை பெரிய வீட்டுலயும் ஒரு சமையலறை, கூடுதலா இருக்கிற இடமெல்லாம் ஹாலு, பெட்ரூமு, வராண்டா, அதுக்கெல்லாம் சதுர அடிக்கு செலவு கம்மி. அதனால கட்டடத்த 100னே வைங்க. மொத்தம் 190. அவரு மனசுல இருக்கிறது 300! எவ்ளோ பெரிய இடைவெளி பாருங்க, இந்த நெனப்போட போர்டு மாட்டினா வீடு மாசக்கணக்குல விக்காம நிக்கும், நின்னுட்டா வாங்க வர்றவங்களுக்கே ஒரு சந்தேகம் வந்துடும், வீட்டுல ஏதோ கோளாறு போலன்னு. அதுபோக இவ்ளோ பெரிய வீடு வாங்கக்கூடிய ஆளுங்களும் கம்மி.

அப்போ எப்படித்தான் பாக்கணும்? இதே அளவு, கிட்டத்தட்ட இதே வயசு இருக்கிற வீடுங்க நிஜமா என்ன விலைக்கு வித்துச்சுன்னு தேடுங்க, குறைஞ்சது மூணு வேணும், அதுவும் சமீபத்துல வித்ததா இருக்கணும். கேக்குற விலை வேணாம், கைமாறின விலை. கேக்குறதுன்னா யார் வேணா என்ன வேணா கேக்கலாம். இந்தத் தெருவுல பெரிய வீடு இது ஒண்ணுதான்னா, பக்கத்துல இருக்கிற சின்ன வீட்ட எடுக்கிறத விட, கொஞ்சம் தள்ளியிருந்தாலும் இதே மாதிரி ஏரியாவுல வித்த பெரிய வீட்ட எடுக்கிறதுதான் சரி.

இங்க ஒரு இடத்துல எல்லாரும் தடுமாறுவாங்க, கவனமா கேளுங்க. திருத்தம் பண்றது வித்த வீட்டோட விலையில, உங்க வீட்டு விலையில இல்ல. வித்த வீட்டுல நீச்சல் குளம் இருந்து உங்க வீட்டுல இல்லன்னா அந்த விலையில இருந்து கழிக்கணும், உங்க வீட்டுல இருக்கிற கார் ஷெட் அங்க இல்லன்னா கூட்டணும். எவ்வளவு கழிக்கிறது கூட்டுறதுன்னா, அது கட்ட ஆன செலவு இல்ல, அதுக்காக வாங்குறவங்க எவ்வளவு கூடுதலா தர்றாங்களோ அதுதான். ஆசையா கட்டின ஹோம் தியேட்டர் போட்ட காச அப்படியே திருப்பித் தராது. மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், எனக்கும் அத நேர்ல சொல்றப்போ கஷ்டமாத்தான் இருக்கு. கட்டுற செலவுல தேய்மானம் கழிச்சு மனை விலைய சேர்க்கிற இன்னொரு வழியும் இருக்கு, அத சரிபாக்க மட்டும் வச்சுக்கோங்க.

இப்போ தெருவுக்கு வருவோம், எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான். தெருவுலயே பெரிய வீடா இருந்தா சுத்தி இருக்கிற சின்ன வீடுங்க அத கீழ இழுக்கும், பெரிய வீடுங்களுக்கு நடுவுல இருக்கிற சின்ன வீட்ட அந்தத் தெருவே மேல தூக்கும். அதே மாதிரி ஸ்கூல். சாண்ட்ரா பிளாக்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் 1999ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துல எந்த வீட்டுப் பிள்ளைங்க எந்த ஸ்கூலுக்குப் போகணும்னு பிரிக்கிற எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்கிற வீடுகள மட்டும் எடுத்து ஒப்பிட்டாங்க. ஏரியா ஒண்ணுதான், ஸ்கூல் மட்டும்தான் வேற. டெஸ்ட் மார்க் 5 சதவீதம் கூட இருந்தா வீட்டுக்கு சுமார் 2.5 சதவீதம் கூடுதலா குடுக்க பெத்தவங்க தயாரா இருந்தாங்கன்னு வந்துச்சு.

அங்க பாருங்க, வரிசையா காலி மனை. பாக்க அமைதியா அழகா இருக்கு, ஆனா நாளைக்கு யாரோ அதுல இதே அளவு புது வீடு கட்டலாம்ல, மனை வாங்கி புதுசா கட்ட எவ்வளவு ஆகுமோ அதுக்கு மேல பழைய வீட்டுக்கு யாரும் தர மாட்டாங்க.

ஆன்லைன்ல மதிப்பு காட்டுற சைட்ட நம்பலாமான்னும் வீட்டுக்காரர் கேட்டாரு. ஸில்லோன்னு அமெரிக்க கம்பெனி, 2006ல இருந்தே வீட்டு மதிப்ப கணக்கு போட்டு காட்டுறாங்க, அவங்களே வீடு வாங்கி விக்கவும் ஆரம்பிச்சாங்க, விலைய கணிக்கிறது நெனச்சத விட கஷ்டமா இருக்குன்னு 2021 நவம்பர்ல அந்த பிசினஸ மூடுறோம்னு அறிவிச்சாங்க. அவ்ளோ டேட்டா வச்சிருந்தும் அப்படி. ஒரே மாதிரி வீடுங்க நெறைய வித்த இடத்துல கம்ப்யூட்டர் ஓரளவு சரியா சொல்லும், இந்த மாதிரி தனியா நிக்கிற பெரிய வீட்டுல தடுமாறும். அதனால நான் ஒரு நம்பர் சொல்ல மாட்டேன், இதுல இருந்து இது வரைக்கும்னுதான் எழுதிக் குடுப்பேன்.

காலையில ஒரு தடவ இந்தத் தெருவுல நடந்துட்டேன், டிராஃபிக் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு பாக்க. மழை பேஞ்ச மறுநாள் ஒரு தடவ வரணும், தண்ணி எந்தப் பக்கம் ஓடுது எங்க தேங்குதுன்னு பாக்கணும். இப்போ இருட்டிடுச்சு, எத்தன வீட்டுல லைட் எரியுதுன்னு எண்ணணும், எத்தன வீட்டுல ஆள் குடியிருக்காங்கன்னு அதுல தெரிஞ்சுடும். இங்க இருந்து பாத்தா இடது பக்கம் ஆறு வீட்டுல நாலு எரியுது... அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டு வரேன், கேமராவ ஆஃப் பண்றேன்.