கடிகாரம் மட்டும் தெரியும் காதல் காட்சி

நேயர்களுக்கு வணக்கம்.

படம் பேசத் தொடங்கிய புதிதில் கேமராவைக் கூண்டுக்குள் அடைத்தார்கள். அதன் இரைச்சல் மைக்கில் விழுந்துவிடும் என்று பயம். நடிகர்கள் மைக்கை விட்டு நகராமல் வசனம் பேசினார்கள். கூண்டு சீக்கிரமே போய்விட்டது. ஆனாலும் பேசுகிறவர் முகத்தைக் காட்டியே தீர வேண்டும் என்ற பழக்கம் பலரை விடவில்லை. இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932-இல் ஹாலிவுட்டின் பாரமவுண்டு நிறுவனத்துக்காக எடுத்த 'டிரபிள் இன் பாரடைஸ்' படத்தில் கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு வேறு வேலை.

பாரிஸில் மாரியெத் என்ற பணக்காரியிடம் செயலாளராகச் சேர்ந்திருக்கிறான் திருடன் காஸ்தோன். அவனுடைய கூட்டாளியும் காதலியுமான லில்லியும் அங்கேயே வேலை பார்க்கிறாள். திரையில் ஒரு கடிகாரம், மணி 5. ஆட்களே இல்லை, குரல்கள் மட்டும். லில்லி கிளம்பிவிடுகிறாள். பிறகு மாரியெத்தின் குரல். இரவுச் சாப்பாட்டுப் பேச்சு. முள் நகர்ந்து ஒன்பதைத் தாண்டிவிட்டது. தொலைபேசி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அடுத்து இன்னொரு கடிகாரம். வெளியே போன காஸ்தோனும் மாரியெத்தும் திரும்பி வரும் குரல் கேட்கிறது. வானொலி நாடகம் கேட்டுப் பழகிய உங்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. உதடு தெரியாததால் ஒலியைப் படத்தோடு பொருத்தும் தொல்லையும் இல்லை.

இதைப் பார்த்துவிட்டு வெறும் கடிகாரத்தையும் சாத்திய கதவையும் காட்டினால் காட்சி படுத்துவிடும். யார் யாரை ஏமாற்றுகிறார், யார் எங்கே காத்திருக்கிறார் என்பதை லூபிட்சும் திரைக்கதை எழுதிய சாம்சன் ராஃபேல்சனும் முன்பே நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் எடுக்காத தொலைபேசி அப்படி உறுத்துகிறது.

எனக்கு இதைவிடவும் பிடித்தது படத்தின் தொடக்கத்தில், இருவரும் கூட்டாளிகள் ஆவதற்கு முன், வெனிஸ் ஓட்டலில் நடக்கும் விருந்து. காஸ்தோனும் லில்லியும் பிரபு, சீமாட்டி வேஷத்தில் சாப்பிடுகிறார்கள். நீங்கள் திருடர் என்று சொன்ன அதே மூச்சில் உப்பைக் கேட்கிறாள் லில்லி. அவனும் மரியாதையாக எடுத்துக் கொடுக்கிறான். குரல் உயரவே கூடாது. கோபம் காட்டினால் நகைச்சுவை செத்துவிடும். அவன் கதவைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, அவளைப் பிடித்து உலுக்குகிறான். அவனிடமிருந்து அவள் அடித்திருந்த பர்ஸ் விழுகிறது. மறுபடி உட்கார்ந்து சாப்பாடு. அவளுக்குத் தெரியாமல் எடுத்த புரோச்சை, அதாவது ஆடையில் குத்தும் நகையை, அவன் நீட்டுகிறான். அதேபோல் எடுத்த அவன் கடிகாரத்தை அவள் நீட்டி, ஐந்து நிமிடம் பின்தங்கியிருந்தது, சரிசெய்துவிட்டேன் என்கிறாள். கடைசியில், உங்கள் காலுறைப் பட்டியை நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறான். அவள் காலைத் தொட்டுப் பார்க்கிறாள், பாய்ந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். நீ யார் என்று அவள் கேட்பது அதற்கப்புறம்தான்.